நான் கொடுத்த மிஸ்ட் கோல்

அந்தப் பை கதிரையின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. ரோஸ் நிறப் பை. அறுந்த வார் ஒன்றை நீல நூலால் தைத்திருந்தார்கள். தண்ணீர்ப் போத்தல்கூட எடுபடாமல் அதற்குள்ளேயே இருந்தது. கதிரையில் பிள்ளை இல்லை.

நான் வகுப்புக்கு வெளியே ஜன்னலோரம் நின்றேன். உள்ளே மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வாசித்தார்கள். ஓரிடத்திலும் தடங்கல் இல்லை. அவர்களுடைய ரேணுகா டீச்சர் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று, வாசிக்கும் பிள்ளையோடு சேர்ந்து தன் உதட்டையும் அசைத்துக்கொண்டிருந்தார்.

பின்னால் ஒரு சின்னக் கதிரையில் சிவகௌரி டீச்சர் இருந்தார். அவர் தமிழ்ப் பாடத்துக்கு ஆசிரிய ஆலோசகர். அவரைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏற்றித் திரிகிற ஓட்டோக்காரன் நான். வாசிக்கிற பிள்ளைகளை விட்டு அவருடைய பார்வை அந்தப் பைக்குப் போய்விட்டது.

"இந்தப் பை ஆருடையது?"

ரேணுகா டீச்சரின் உதடு அசைந்த இடத்திலேயே நின்றுவிட்டது. முன் வரிசையில் ஒரு பிள்ளை மட்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று பழகிய பிள்ளை, எழுந்து நின்றாள்.

"தர்சினிட பை மிஸ். அவள் வீட்ட போயிட்டாள். டீச்சர்தான் போகச் சொன்னவ."

அந்தப் பிள்ளை போனதற்குக் காரணம் நான் என்று அந்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது.

ஒரு றிங்

சிவகௌரி டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறோம் என்று முதல் நாள் சொல்ல மாட்டார். காலையில் திருகோணமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஏறி இருந்து, மடியில் வாசிப்பு அட்டைப் பெட்டியை வைத்த பிறகுதான், அண்ணன் என்ற முறையில் என்னை நானா என்று கூப்பிட்டுச் சொல்வார்.

"நானா, இண்டைக்குக் கண்டி ரோட்டால விடுங்க."

ஒரு நாள் காரணமும் சொன்னார். "முன்னுக்கே சொன்னா எனக்குக் காட்டுறதுக்கெண்டு ஒரு பாடம் செய்து வைப்பினம். அதைப் பாத்து எனக்கென்ன? ஒவ்வொரு நாளும் நடக்கிறதைப் பாத்தாத்தானே உதவி செய்யலாம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்க."

"ஓம் டீச்சர்" என்றேன்.

அவர் குறை எழுதுகிறவர் இல்லை. வகுப்பில் யாருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராதோ, அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நிலத்தில் இருப்பார். படிப்பிக்கிறவருக்கு ஒரு வழியைச் செய்து காட்டுவார். அடுத்த முறை வரும்போது அந்த வகுப்புக்கென்றே அட்டை வெட்டிக்கொண்டு வருவார். ஆனால் முந்தி வந்துபோன பெரியவர்கள் பள்ளிக்கூடத்து லொக் புத்தகத்தில் நாலு வரி எழுதி, ஆசிரியர்களைத் தூர இடத்துக்கு மாற்றிய கதைகள் எல்லா ஓய்வறைகளிலும் இருந்தன. அதனால் என் ஓட்டோ கேற்றுக்குள் திரும்பினாலே ஆசிரியர்களுக்கு முகம் வெளுத்துவிடும்.

எனக்கு அந்தப் பயம் நல்லாய்த் தெரியும். ஆட்களோடு நிமிர்ந்து கதைக்க இன்றுவரை எனக்கு ஏலாது. கடைக்காரர் மீதியைக் குறைத்துத் தந்தாலும் கேட்காமல் வந்துவிடுகிற ஆள் நான். அதுவும் இந்தக் கதையில் ஒரு காரணம்.

இல்லாத எழுத்துகள்

மாதத்தில் ஒரு நாள் ஆசிரியர்களுக்கு நகரத்தில் செயலமர்வு நடக்கும். நான் வராந்தாவில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பத்து மணிக்கு எனக்கும் ஒரு தேத்தண்ணியும் மீன் வைத்த மாலு பணிசும் வரும்.

ஒரு தடவை சிவகௌரி டீச்சர் எல்லோருக்கும் ஒவ்வொரு தாள் கொடுத்தார். அதில் இருந்தது ஒரு பாஷையிலும் இல்லாத எழுத்து. கொக்கி, வட்டம், இரட்டைக் கோடு எல்லாம் அவரே கீறியவை. கரும்பலகையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் எழுதி, ஐந்து நிமிஷத்தில் அழித்துவிட்டார்.

"இப்ப எழும்பி வாசியுங்க பாப்பம்."

முதலில் சிரிப்பு. பிறகு ஒருவரும் தலை நிமிரவில்லை. அவர் ரேணுகா டீச்சரை எழுப்பினார். வேலைக்கு வந்து வருஷம் இரண்டுகூட ஆகாத, பதவி உறுதிக் கடிதம் இன்னும் வராத பிள்ளை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயில் சத்தம் இல்லை.

பின்னால் இருந்து ஒரு ஐயா கேட்டார். "என்ன ரேணுகா, சின்னனில பள்ளிக்குப் போகேல்லையோ?"

மண்டபமே சிரித்தது. ரேணுகா டீச்சர் தாளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார்.

"பாத்தீங்களா, உங்கட வகுப்பில வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் இதுதான் நடக்குது" என்றார் சிவகௌரி டீச்சர். நல்ல பாடம். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். ரேணுகா டீச்சர் எழுதவில்லை.

அன்று பின்னேரம் மழை. பஸ்ஸைத் தவறவிட்டு நின்றவரைச் சந்திவரை கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது கேட்டார்.

"நானா, மிஸ் எங்கட பள்ளிக்கு வாறண்டா எனக்கு ஒரு றிங் விடுவீங்களா? கதைக்கவே தேவையில்லை. ஒரு றிங் விட்டிட்டு வெட்டுங்க."

ஏலாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதைக்கத் தேவையில்லை என்றதும் அது ஒரு பெரிய விஷயமாகவும் படவில்லை.

பிறகு அந்த நம்பரோடு இன்னும் ஐந்து நம்பர் சேர்ந்துவிட்டது. ஆறு பள்ளிக்கூடத்திலும் எனக்கு இரகசியமாய் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். "வானிலை அறிக்கை." போகிற இடத்தில் என்னைக் கண்டதும், "இண்டைக்கு அறிக்கை நேரத்துக்கு வந்தது நானா" என்று மெதுவாய்ச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. மறைக்க வேண்டாம்.

கிணற்றடி

இதை எழுதும்போது வெட்கமாய் இருக்கிறது. ஏனென்றால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் கிண்ணியாவில் ஐந்தாம் ஆண்டுவரை படித்தவன். அப்போது பெரியவர்கள் பள்ளிக்கூடம் பார்க்க வருகிற நாளில், எங்களைப் படிப்பித்த சேர் எங்களில் மூன்று பேரைக் கிணற்றடிக்கு அனுப்புவார். பீப்பாய்க்குத் தண்ணீர் நிரப்ப வேண்டும். முதல் தடவை எங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் அடித்து விளையாடினோம்.

மூன்றாம் தடவை பீப்பாய் ஏற்கெனவே நிறைந்திருந்தது. நிரப்ப ஒன்றும் இல்லை. சும்மா இருந்தோம். அங்கிருந்து எங்கள் வகுப்பு வாசிக்கிறது கேட்டது. நாங்கள் இல்லாத வகுப்பு எவ்வளவு அழகாய் வாசிக்கிறது என்று அன்று கேட்டேன்.

அடுத்த வருஷம் நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவரும் வீட்டுக்கு வந்து கேட்கவுமில்லை. வாப்பாவோடு தோணிக்குப் போய்விட்டேன்.

இப்படிப்பட்ட நான், ஒரு வருஷம் முழுக்க றிங் விட்டேன். அந்த றிங் கேட்ட பிறகு வகுப்பில் என்ன நடக்கும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இல்லை.

ஆனை நிக்குது

அன்று காலையும் அப்படித்தான். டீச்சர் கண்டி ரோட்டைச் சொன்னார். தம்பலகாமம் என்றார். பெற்றோல் ஷெட்டில் இறங்கி, மூடியைத் திறக்கிற சாட்டில் ஒரு றிங் விட்டேன்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிற சந்தியில் ஒரு உழவு இயந்திரக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"குளக்கட்டுப் பக்கம் தனியன் ஆனை ஒண்டு நிக்குது நானா. விடிய வெடி போட்டுத் துரத்தினவங்கள், திரும்பி வந்திட்டுது. அங்கால போகாதீங்க."

"நாங்க பள்ளிக்கு மட்டுந்தான்" என்றேன். பள்ளிக்கூடம் குளக்கட்டுக்கு இந்தப் பக்கம். அதோடு மறந்துவிட்டேன்.

இப்போது வகுப்பறையில் சிவகௌரி டீச்சர் கேட்கிறார். "தர்சினிட வீடு எங்க?"

"குளக்கட்டுக்கு அங்கால மிஸ்" என்றார் ரேணுகா டீச்சர்.

"ஆர் கூட்டிக்கொண்டு போனது?"

"தனியத்தான்… ஒவ்வொரு நாளும் தாய்தான் கொண்டுவந்து விடுறவ. இண்டைக்கு…" அவர் கதிரையில் தொங்கிய பையைப் பார்த்தார். "அவள் எழுத்துக் கூட்டச் சொன்னாலே அழுவாள் மிஸ். நீங்க வரேக்க அழுதாளெண்டா…"

அவளோடு வெளியே அனுப்பிய, வாசிக்க வராத மற்ற இரண்டு பிள்ளைகளின் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். அவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பது தெரிந்தது. அதிபர் தர்சினியின் தாய்க்குப் போன் எடுத்தார். போன் ஓஃப்.

நான் ஓட்டோவைத் திருப்பியபோது டீச்சர்மார் இரண்டு பேரும் ஏறிவிட்டார்கள்.

மதகு

குளக்கட்டில் ஒரு உயிரும் இல்லை. வலது பக்கம் குளம். இடது பக்கம் பற்றைக்காடு. நான் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனேன். ரேணுகா டீச்சர் தலையை வெளியே நீட்டி, "தர்சினி! தர்சினி!" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார். கட்டு முடிகிற இடத்தில் ஒரு மதகு. அதைத் தாண்டும்போதும் ஹோர்ன் அடித்தேன்.

வழியில் ஓரிடத்தில் யானைச் சாணம். ஆவி இன்னும் அடங்கவில்லை. மூவரும் கண்டோம்.

வீட்டுக் கதவு கயிற்றால் கட்டியிருந்தது. பக்கத்து வளவுப் பெண் ஓடி வந்தார். தாய் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அப்படியே அறுவடைக்குப் போய்விட்டாராம். பிள்ளை வீட்டுக்கு வரவில்லையாம்.

"பள்ளிக்கெல்லோ போனது?" என்று அந்தப் பெண் கேட்டார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்தார்.

திரும்பி வந்தோம். மதகை நெருங்கும்போது கண்டேன். முன்னால், குளக்கட்டின் நடுவில், அது நின்றது. எங்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில். ஒரு தென்னை உயரத் தூரம்கூட இராது. உடம்பெல்லாம் காய்ந்த சேறு. ஒரு காது கிழிந்திருந்தது.

மதகுக்கு மேலேயே எஞ்சினை நிறுத்தினேன். பின்னால் உருட்டினாலும் சத்தம் கேட்கும். இறங்கி ஓடினால் அது வரும். சும்மா இருக்கத்தான் வேண்டும்.

சூடான எஞ்சின் டிக், டிக் என்றது. சட்டைப் பையில் இருந்த போனை நினைத்து எனக்கு வியர்த்தது. இப்போது யாராவது எனக்கு எடுத்தால்? அதைத் தொடவும் பயம். அல்லாஹ்வைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. ரேணுகா டீச்சர் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்திருந்தார். யானை ஒரு காலைத் தூக்கி, திரும்ப அதே இடத்தில் வைத்தது.

அந்த அமைதியில்தான் கேட்டது. எங்களுக்குக் கீழே ஒரு இருமல்.

நீர் விடாத காலம். மதகின் குழாய் காய்ந்துகிடந்தது. ரேணுகா டீச்சர் மெல்லச் சரிந்து, ஓட்டோவின் ஓரத்தால் குனிந்தார்.

"தர்சினி?"

பிறகு குழாய்க்குள்ளிருந்து, மிக மெதுவாக:

"மிஸ் போயிட்டாவா டீச்சர்?"

ரேணுகா டீச்சர் நிமிர்ந்து சிவகௌரி டீச்சரைப் பார்த்தார். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தார். அதை விலக்கி, சத்தம் வராமல் சொன்னார்.

"போயிட்டா எண்டு சொல்லுங்க."

"போயிட்டா செல்லம். ஆனா நீ வெளிய வராத. நான் சொல்லுமட்டும் அங்கயே இரு."

"ஓம் டீச்சர்."

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. யானை எங்கள் பக்கம் இரண்டு அடி வந்தது. தும்பிக்கையைத் தூக்கி மணந்து பார்த்தது. ரேணுகா டீச்சரின் நகம் என் தோளில் ஏறியது. பிறகு அதற்கு எங்களில் அலுப்பு வந்திருக்க வேண்டும். குளத்துப் பக்கமாகச் சரிந்து, தண்ணீருக்குள் இறங்கியது.

நானாட வீட்டுக்காரி

பிள்ளை வெளியே வருவதற்குள் சிவகௌரி டீச்சர் முன்னுக்கு வந்துவிட்டார். என் ஆசனத்தின் ஓரத்தில் ஒடுங்கி இருந்து, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தர்சினி முழங்கால் இரண்டும் உரசிப்போய், தலையெல்லாம் சிலந்தி வலையோடு ஏறினாள். ரேணுகா டீச்சர் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நாங்க கூப்பிட்டது கேக்கேல்லையா?"

"கேட்டது. ஓட்டோச் சத்தமும் கேட்டது. அதான் உள்ளுக்குப் போனனான். ஓட்டோ வந்தா மிஸ்ட கண்ணில படக்கூடாதெண்டு நீங்கதானே சொன்னனீங்க."

"ஆனையைக் கண்டியா?"

"ஓம். அது பேசாமத்தான் நிண்டது."

பிறகு என் பக்கத்தில் இருந்த முதுகைச் சந்தேகமாய்ப் பார்த்தாள். "இது ஆர் டீச்சர்?"

ரேணுகா டீச்சர் திக்கினார். "அது… அது நானாட வீட்டுக்காரி."

என் காது சூடாகிவிட்டது. பக்கத்தில் சிவகௌரி டீச்சரின் தோள் குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் வரும்வரை அவர் திரும்பவே இல்லை.

லொக் புத்தகம்

அதிபர் அறையில் மேசைக்கு மேல் அந்தப் பெரிய புத்தகம் திறந்து கிடந்தது. சிவகௌரி டீச்சர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு ரேணுகா டீச்சரிடம் கேட்டார்.

"நான் வாறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ரேணுகா டீச்சர் நிலத்தைப் பார்த்தார். உறுதிக் கடிதம் வராத வேலை. ஒரு பெயரைச் சொன்னால் பாரம் பாதியாகும். அவர் சொல்லவில்லை.

"அது மிஸ், தற்செயலா…" என்று அதிபர் தொடங்கினார்.

நான் கதவடியில் நின்றேன். குளக்கட்டில் இருந்ததைவிட அப்போது பயம் கூடவாய் இருந்தது. அங்கே சும்மா இருந்தால் போதுமாயிருந்தது.

"நான்தான் டீச்சர். றிங் விட்டது நான்தான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எத்தனை பள்ளிக்கு?"

"ஆறு."

"எவ்வளவு காலமா?"

"போன வருஷத்தில இருந்து."

"அப்ப நான் இந்த ஒரு வருஷமா பாத்ததெல்லாம்…" அதை அவர் முடிக்கவில்லை. பேனையை மூடினார். ஒன்றும் எழுதாமலே புத்தகத்தையும் மூடிவிட்டு, ரேணுகா டீச்சருக்கு நேரே சொன்னார்.

"நீங்க செய்தது பெரிய பிழை. பிள்ளை தப்பினது எங்கட கெட்டித்தனம் இல்லை. தாய்க்கு நீங்களே சொல்லவேணும், நானும் வாறன். ஆனா அண்டைக்கு அத்தினை பேருக்கு முன்னால உங்களை எழுப்பி வாசிக்க விட்டனே, அது என்ர பிழை. பிள்ளையளின்ர பயத்தைப் படிப்பிக்கப் போய் உங்களுக்குப் பயத்தைக் குடுத்திட்டன்."

பின்னேரம் அறுவடை வயலில் அந்தத் தாய் கேட்டவற்றை நான் இங்கே எழுதவில்லை. மூவரும் தலை குனிந்து நின்று கேட்டோம். கேட்கத்தான் வேண்டும்.

திரும்பி வந்து சிவகௌரி டீச்சர் நகரத்தில் இறங்கும்போது நானே சொன்னேன், வேறு ஓட்டோ பிடித்துத் தருகிறேன் என்று.

"வேற ஆளைப் பிடிச்சா அவனுக்கும் ஆறு பேர் நம்பர் குடுப்பினம்" என்றார். "உங்களுக்கெண்டாலும் இப்ப பயம் இருக்கு. காலமை வாங்க."

வியாழக்கிழமைகள்

இப்போது அவர் போகிற நாளை முன்னமே சொல்லிவிடுகிறார். அதோடு ஒரு சொல்லும் சேர்த்துச் சொல்வார். "அழுற பிள்ளையளைக் கட்டாயம் வரச் சொல்லுங்க. நான் அவைக்காகத்தான் வாறன்."

ரேணுகா டீச்சரின் வகுப்புக்கு வியாழக்கிழமை. ஒருவர் வகுப்பைப் பார்க்க, மற்றவர் அந்த மூன்று பிள்ளைகளோடு பாயில் இருப்பார். பிறகு இடம் மாறுவார்கள். இப்போது பாடம் திக்கித் திக்கித்தான் போகிறது. ஜன்னலோரம் நிற்கிற எனக்கே சில நேரம் பொறுமை போய்விடும். தர்சினி முதலில் கதவடியில் இருந்தாள். பிறகு பாயின் ஓரம். போன மாதம் சிவகௌரி டீச்சரின் அட்டைப் பெட்டியைத் தானே திறந்தாள்.

ஆனால் முதல் வியாழக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். நாங்கள் கேற்றால் உள்ளே போனபோது அவளுடைய கதிரை வெறுமையாய் இருந்தது. ரேணுகா டீச்சரின் மேசைக்குக் கீழே, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இருந்தாள். சிவகௌரி டீச்சரை அவள் இன்னும் காணவே இல்லை. ஓட்டோச் சத்தம்தான் கேட்டிருந்தது.

அன்றிலிருந்து பள்ளிக்கூட வளைவில் எஞ்சினை நிறுத்திவிடுவேன். டீச்சர் இறங்கி முன்னால் நடப்பார். நான் கையால் தள்ளிக்கொண்டு போவேன். மணல் பாதை. வெயில் நாளில் மூச்சு முட்டும்.

போன கிழமை அதிபர் கேற்றில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன நானா, பெற்றோல் மிச்சம் பிடிக்கிறீங்களோ?"

"ஓம் சேர்" என்றேன்.